கேட்டால்தான் துடக்கு

யோகமலர் நடக்கத் தொடங்கிய புதிதில் லண்டனில் மிச்சம் என்கிற பகுதியின் தமிழர்கள் அவருக்கு லிஃப்ட் கொடுத்தே களைத்துப் போனார்கள்.

சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, நடக்கச் சொன்னது டொக்டர். சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்தும் மேலே மகனின் பழைய ஜக்கெட்டுமாக, மிச்சம் ஜங்ஷனில் தொடங்கி ட்ராம் பாதையோரமாக அவர் நடப்பார். பக்கத்தில் ஒரு கார் வந்து மெதுவாகும். கண்ணாடி இறங்கும்.

"அக்கா, என்ன நடந்து போறியள்? அண்ணையின்ர வான் பழுதோ?"

"இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ?" கார்க்காரரின் முகத்தில் கவலை படரும். "வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

அன்று பின்னேரமே அவருடைய கணவர் ஜீவரத்தினத்துக்கு யாராவது ஃபோன் எடுத்து, சண்டை பிடித்தீர்களா என்று பக்குவமாக விசாரிப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சனம் காரணமில்லாமல் நடந்ததில்லை. யோகமலரும் அதுவரை நடந்ததெல்லாம் பின்னால் ஏதாவது துரத்தியதால்தான். ஊரில் செல் குண்டு விழுந்தபோது நடந்தார். ஐரோப்பாவுக்குள் நுழைய ஒரு காட்டைக் கடந்து நடந்தார். டோர்ட்முண்டில் கட்டடம் கட்டடமாகத் துப்புரவு வேலைக்கு நடந்தார். பிறகு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும், எல்லோரையும் போல, பிள்ளைகளின் இங்கிலீசுக்காக லண்டனுக்கு மாறினார்கள். ஜீவரத்தினம் எலக்ட்ரீசியன். யோகமலருக்குக் குரோய்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஐம்பத்தெட்டு வயதில்தான், யாரும் துரத்தாமல் நடந்தால் அதில் ஒரு ருசி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வந்தது.

அந்த ருசி பிடித்துப்போன நேரத்தில்தான் தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையின் கண்ணாடியில் அந்த அறிவித்தல் ஒட்டப்பட்டது. இமயமலை அடிவார ஆலய நடை. கிராமங்கள் ஊடாக, மார்கழி மாதத்தில். 'குறைந்த உயரம், நிறைந்த புண்ணியம்!'

ஒழுங்கு செய்தவர் சந்திரகுமார். டயர்க் கடை வைத்திருப்பவர். கோயில் பரிபாலன சபையின் செயலாளர். 'குறைந்த உயரம்' என்று அவர் அழுத்திப் போட்டதற்குக் காரணம் இருந்தது. முந்தைய முறை கைலாயத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போயிருந்தார். சபையின் பொருளாளர் கைலாயத்தைக் காண முன்னமே கைலாயம் போகப் பார்த்தார். மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கோவேறு கழுதையில் குறுக்கே போட்டுக் கீழே இறக்கினார்கள். அதன் பிறகு சபை ஏகமனதாகத் தீர்மானித்தது: இறைவன் எங்கும் நிறைந்திருக்கிறான், ஆகவே ஏழாயிரம் அடிக்குக் கீழேயும் இருப்பான்.

யோகமலருக்குப் புண்ணியத்தில் பெரிய அக்கறை இல்லை. சாமி கும்பிடுவார், ஆனால் சாமியோடு அவருக்கு இருந்தது தெருவில் கண்டால் தலையசைக்கிற அளவு பழக்கம்தான். அவரை இழுத்தது 'நடை' என்ற சொல். காடு, மலை, ஊர், மறுபடி காடு. பள்ளிக்கூட விடுமுறைக்குள் போய் வந்துவிடலாம். காரில் வந்து யாரும் கண்ணாடியை இறக்க மாட்டார்கள். கடைசி நாள் ஒரு மலைமுகட்டுக் கோயிலுக்கு ஏறினால் வடக்கே பனிமலைகள் வரிசையாகத் தெரியுமாம். தன் வாழ்க்கையில் தனக்கென்று எதையும் அவர் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. ஜீவரத்தினத்துக்கு முழங்கால் சரியில்லை. "நீர் போயிட்டு வாரும். எனக்கும் சேர்த்து நடவும்" என்றார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்துச் சந்திரகுமார் விதிகளை வாசித்தார். "ஒண்டு, மச்சம் மாமிசம் இல்லை. ரெண்டு, அவரவர் ஃப்ளாஸ்க்கை அவரவர் கொண்டுவர வேணும். மூண்டு, துடக்குக்காரர் வரேலாது. வெளிக்கிடுற அண்டைக்கு ஒரு செத்தவீடு விழுந்தாலும் சரிதான், நிண்டிட வேணும். ஒராளால முழுப் பேரின்ர யாத்திரையும் பழுதாப் போயிடும். மற்றப்படி, வாற பொம்பிளையள் எல்லாரும் வயது போன ஆக்கள். அதால மற்றப் பிரச்சினை இல்லை."

வயது போன ஆட்களில் தன் மனைவி கல்யாணியும் ஒருவர் என்பது அவருக்கு அன்றிரவு வீட்டில் நினைவூட்டப்பட்டிருக்கும்.

துடக்கு என்றால் தீட்டு. சொந்தத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. சொந்தம் என்றால் ஆண்வழிச் சொந்தம். கல்யாணம் கட்டிய பெண்ணுக்கு அது புருஷன்வழிச் சொந்தம். ஆணின் சாவு எவ்வளவு தூரத்துக்கு மணக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் ஆண்கள்தான் என்பதால் அது வெகு தூரத்துக்கு மணக்கும்.

இந்த முறை அது ரொறன்ரோவிலிருந்து மணக்கத் தொடங்கியது. ஜீவரத்தினத்தின் சித்தப்பா மகன் தில்லைநாயகத்தை அங்கே ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டிருந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் இருபது வருடத்துக்கு மேல் கதை பேச்சில்லை. ஊரில் ஒரு பனையும் அரை வேலியும் யாருக்கு என்பது வழக்கு. இருவருமே திரும்பிப் போகாத காணி அது. பனையும் செல்லடியில் தலை போய் மொட்டையாக நின்றது. ஆனாலும் வழக்கு வழக்குத்தான். யோகமலர் அந்த மனிதரைக் கண்டது கல்யாண ஆல்பத்தில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால்.

அவர் செத்தால் யோகமலருக்கு முப்பத்தொரு நாள். இமயமலை இல்லை.

யோகமலரின் அம்மா செத்தது தொண்ணூற்றாறில். யாழ்ப்பாணத்துக்கும் வெளியுலகத்துக்கும் இடையே அப்போது ஒரு ஃபோன் கம்பிகூட இல்லை. கொழும்புக்கு வந்து சேர்ந்த ஒருவர் டோர்ட்முண்டுக்குச் சொன்னபோது அம்மா செத்து இரண்டு மாதம். யோகமலர் நிலத்தில் இருந்து அழுதார். தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், சட்டம் சொன்னார்கள். கட்டிப்போன பெண்ணுக்குத் தாய் தகப்பன் செத்தால் மூன்று நாள்தான் துடக்கு. அதுவும் காதில் விழுந்தால்தான் தொடங்கும். நாள் எல்லாம் கழிந்த பிறகு கேட்டால் ஒன்றுமில்லை. "தலையில தண்ணியை ஊத்திப்போட்டு நாளைக்கு வேலைக்குப் போ பிள்ளை." அவர் ஊற்றினார். போனார். ஒரு வங்கியின் ஐந்து மாடி ஜன்னல்களையும் அழுதுகொண்டே துடைத்தார். பெற்றவளுக்கு ஒரு வாளித் தண்ணீர். ஆல்பத்தில் அரை முகம் தெரிந்தவனுக்கு ஒரு மாதம்.

ஆகவே சட்டம் அவருக்கு மனப்பாடம். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார்:

"இஞ்சாருங்கோ, ரொறன்ரோவில ஏதும் நடந்தால் எனக்குச் சொல்லாதேங்கோ."

"என்னப்பா?"

"கேட்டால்தான் துடக்கு. கேக்காட்டி இல்லை."

ஜீவரத்தினம் அவரையே பார்த்தார். "உமக்கு உதுகளில நம்பிக்கை இல்லையெண்டெல்லோ நினைச்சன்."

"நம்பிக்கை இல்லை. சட்டம் தெரியும்."

"அப்ப எனக்கு?"

"நீங்கள் கேளுங்கோ. நீங்கள்தான் இமயமலைக்கு வரேல்லையே."

இருவரும் சிரித்தார்கள். நல்ல பகிடியாகத்தான் இருந்தது.

விமானம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலையில் இருக்க வேண்டிய ஜீவரத்தினத்தின் வான் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஆள் இறங்கவில்லை. யோகமலர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். மழை இல்லை, ஆனால் வைப்பர் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஜீவரத்தினம் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, காய்ந்த கண்ணாடியை அவை வழிப்பதைப் பார்த்தபடி இருந்தார்.

யோகமலருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சட்டம் காதைப் பற்றியது. கண்ணைப் பற்றி அதில் எதுவும் இல்லை. வாசல் கதவு வரை போனார். கதவைத் திறந்து வானுக்குப் பக்கத்தில் போனால் அந்த மனிதர் வாயைத் திறப்பார். திறந்தால் முடிந்தது. கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு மேலே போய்க் காலுறைகளை அடுக்கினார்.

இரவுச் சாப்பாட்டின்போது ஜீவரத்தினம் உப்பைக் கேட்டார். பிறகு தண்ணீரைக் கேட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை. யோகமலரின் ஃபோனை அவரே வாங்கி அணைத்துப் பையில் வைத்தார்.

சனிக்கிழமை, பயணத்துக்கு இன்னும் கொஞ்சம் பயத்தம் பணியாரம் சுட, தோர்ண்டன் ஹீத்துக்குப் பயற்றம் மா வாங்கப் போனதுதான் பிழை. தமிழருக்குக் கெட்ட செய்தி ஒன்று கையில் இருந்தால் அதை இறக்கி வைக்கும்வரை சாப்பாடு இறங்காது. கடைக்குள் நுழைந்ததுமே மூலையில் ஒரு முகம் நீண்டது. மீன் வெட்டுமிடத்தில் இன்னொன்று. முதல் முகம் தலையைச் சரித்து, கைகளை முன்னால் நீட்டி, "ஐயோ மலர், உங்கட..." என்று தொடங்கியது. யோகமலர் மாவை விட்டுவிட்டு ஓடினார். வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. பஸ்ஸிலும் பின்வரிசையில் ஒரு தமிழ் மனுசி எழும்பினார். யோகமலர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தார். இப்போதும் துரத்தல்தான், ஆனால் துரத்தியது அனுதாபம்.

குரோய்டனுக்குப் போகிற தெருவில் அவரோடு வேலை செய்யும் பியற்றிஸ் எதிரே வந்தார். மன்னார்க்காரி, வேதக்காரி. மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிறார்.

"பியற்றிஸ், நீ ஒண்டும் சொல்லாதை!"

"நான் ஒண்டும் சொல்லேல்லை." பியற்றிஸ் வாயைப் பொத்தினார். விரல்களுக்கு இடையால், "செபம் மட்டும் சொன்னனான்" என்றார்.

"ஆருக்கெண்டு சொல்லாதை!"

"ஆருக்கெண்டு நான் சொல்லுவனே? உங்கட சாமிக்கு இப்பிடி ஒளிச்சுப் பிடிச்சு விளையாடத்தான் விருப்பமெண்டால் நான் என்ன செய்யிறது? எங்களுக்கு ஆள் செத்தால் கோயிலுக்குள்ளதான் கொண்டு போறது."

"செத்தது எண்டு சொன்னாயோ?"

"பொதுவாச் சொன்னனான் மலர், பொதுவா! ஓடு நீ, ஓடு."

ஓடினார். விமானமும் ஏறினார். ஹீத்ரோவில் ஒன்பது பேர் கூடியபோது எல்லோரும் அவரைப் பார்த்த விதம் ஒன்றுபோலவே இருந்தது. சந்திரகுமார் ஒரு நிமிடம் தொண்டையைச் செருமினார். பிறகு, ஒரு தலை குறைந்தால் குழுவுக்கு எடுத்த சலுகை விலை போய்விடும் என்ற எண்ணம் அவருடைய ஆசாரத்தை மெல்ல அமர்த்தியது. "எல்லாருக்கும் சுகம்தானே? சரி, வாங்கோ" என்றார். கேட்காதவருக்குத் துடக்கில்லை. சொல்லாதவருக்குப் பாவமில்லை.

அங்கே, குமாவோன் மலைகளில், யோகமலர் நடந்தார்.

பைன் மரக்காட்டில் பிசின் மணம். பாதை முழுக்க ஊசியிலை, வழுக்கும். படிப்படியாக வெட்டிய வயல்களில் கோதுமை விரல் நீளம் முளைத்திருந்தது. பலகைக்கல் வேய்ந்த வீடுகள், நீல வண்ணக் கதவுகள், கூரை இறவாணத்தில் காயும் சோளப் பொத்திகள். பெண்கள் மலைச் சரிவில் தங்கள் உயரத்துக்கு மேலே தழைக் கட்டைச் சுமந்துகொண்டு நடந்தார்கள், ஆண்கள் வெயிலில் இருந்து சீட்டு விளையாடினார்கள். இமயமலை தனக்கு உடனே பழகிப்போனதற்கு அதுதான் காரணம் என்று யோகமலர் நினைத்தார். சாப்பாடு குரக்கன் ரொட்டியும் கறுப்புச் சோயாக் கறியும். தொட்டுக்கொள்ள ஒரு பச்சைச் சம்பல். சந்திரகுமார் மூன்று தரம் வாங்கி வழித்து உண்டுவிட்டு, என்ன விதை என்று கேட்டார். வழிகாட்டி பிஷன் சிங், நாற்பது வயது மனிதர், இங்கிலீசில் அமைதியாகச் சொன்னார்: "கஞ்சா விதை, சார். வெறிக்காது." கோயில் செயலாளர் அன்று முழுவதும் தனக்கு வெறிக்கிறதா இல்லையா என்று தன்னையே கவனித்துக்கொண்டு நடந்தார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. யோகமலர் வேகமாக நடந்ததுதான் குற்றம். ட்ராம் பாதையோரம் பழகிய கால். தேநீர்க் கடைக்கு முதலில் அவர்தான் போவார், கோயிலுக்கும் அவர்தான். ஒவ்வொரு ஊரிலும் பூசாரி முதலில் வந்தவரின் நெற்றியில் குங்குமமும் அரிசியும் அப்பி, மணியை அடிக்கச் சொல்லி, குழுவின் தலைவி என்று நினைத்து இரண்டு கையாலும் கும்பிடுவார். பின்னால் மூச்சிரைக்க வந்து சேருகிற கல்யாணிக்கு மிஞ்சிய அரிசி கிடைக்கும். கல்யாணியும் யோகமலரும் ஒரே அறை. குளிருக்கு ஒரே கம்பளி. யோகமலர் கொண்டுவந்த பயத்தம் பணியாரத்தில் பாதி கல்யாணியின் வயிற்றுக்குள்தான் போயிருந்தது. ஆனால் கம்பளி வேறு, கௌரவம் வேறு.

சிமல்கேத் என்ற ஊரின் சிவன் கோயிலில் அது வெடித்தது. யாத்திரையின் முக்கியமான கோயில்; லண்டனிலிருந்தே ஒழுங்கு செய்த விசேட அபிஷேகம். முதல் செம்பு ஊற்றுவது செயலாளரின் மனைவி என்று பேச்சு. தேவதாருக்களுக்கு நடுவே கறுத்த கல்லில் சின்னக் கோயில், வாசலில் மேளத்தோடு ஒரு மனிதர். யோகமலர் வழக்கம்போல முதலில் போய்ச் சேர்ந்தார். கழுத்துக்குக் கம்பளி மஃப்ளர் சுற்றிய கிழப் பூசாரி வழக்கம்போல அவரைத் தலைவி என்று நினைத்துச் செம்பைக் கையில் கொடுத்தார். யோகமலர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கல்யாணி வளைவில் வந்து கண்டார்.

"மலரக்கா! நில்லுங்கோ. நீங்கள் உள்ளுக்குப் போகேலாது."

"ஏன்?"

சந்திரகுமார் பின்னாலிருந்து, "கல்யாணி, சும்மா இரும்!" என்றார். தாமதமாகிவிட்டது.

"தில்லைநாயகம் அண்ணை மோசம் போயிட்டேர். போன வெள்ளிக்கிழமை."

காதில் விழுந்துவிட்டது. யோகமலர் செம்பைக் கீழே வைத்தார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"எயர்போட்டிலயே தெரியும். எல்லாருக்கும்தான் தெரியும். பாவமெண்டு பொறுத்துக்கொண்டு இருந்தனாங்கள். அபிஷேகம் எண்டு வரேக்க எப்பிடிப் பேசாமல் இருக்கிறது?"

சந்திரகுமார் முன்னுக்கு வந்தார். இப்போது சட்டம் அவர் கையில். "அக்கா, குறை நினைக்கப்படாது. இனி உங்களால எங்களோட வரேலாது. பிஷன் சிங் கீழ றோட்டுக்கு ஜீப்பைக் கூப்பிடுவேர். நாங்கள் மேல ஏறிப்போட்டு வரும்வரைக்கும் நீங்கள் டவுணில ஹோட்டலில இருங்கோ."

அடுத்த நாள்தான் முகடு. பனிமலைகள் வரிசையாகத் தெரிகிற இடம். ஆகாயத்தில் ஒரு முகில் இல்லை.

யோகமலருக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல் வந்தது.

"கல்யாணி, நீ நாலு நாளா என்னோட ஒரே கம்பளிக்குள்ளதானே படுத்தனீ?"

"அதுக்கு?"

"துடக்குக்காரின்ர உடம்பு பட்டால் என்ன செய்யவேணும்? என்ர கையால பயத்தம் பணியாரம் திண்ட ஆக்கள் என்ன செய்யவேணும்? எனக்குத்தான் தெரியாது. உங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சு தொட்டால் என்ன சட்டம்? லண்டனுக்கு எடுத்துக் கேளுங்கோ!"

எட்டுப் பேரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். பயத்தம் பணியாரம் தின்னாதவர் ஒருவரும் இல்லை. சந்திரகுமார் கோயில் குருக்கள் நரசிம்மன் ஐயருக்கு வீடியோக் கோல் எடுத்தார். லண்டனில் இன்னும் விடியவில்லை. ஐயர் காலைப் பூசைக்கு ஈரத் தலையோடு நின்றார். கும்பகோணத்துக்காரர், நேர்மையான மனிதர். நேர்மைதான் ஆபத்து.

"ஆமா, அந்தம்மா சொல்றது சரிதான். தெரிஞ்சே கூடப் படுத்து, கையால வாங்கிச் சாப்பிட்டா எல்லாருக்கும் ஸ்நானம் உண்டு. தலையோட முழுகணும். அங்க தீர்த்தம் இருக்கோ?"

தீர்த்தம் இருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய ஊற்று. நிழலில் இருந்த ஓரத்தில் கண்ணாடி போல ஐஸ் படிந்திருந்தது. சந்திரகுமார் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். விரல் உடனே திரும்பி வந்தது.

"ஐயா," என்றார், குரல் இளகி, "எங்களில பிரஷர்க்காரரும் இருக்கினம். வேற வழி ஏதும்...?"

ஐயர் யோசித்தார். "சரி, வயசானவா. தேச கால வர்த்தமானம்னு ஒண்ணு இருக்கே. மூணு தரம் தெளிச்சுக்கோங்கோ. போதும்."

"எனக்கும் மூண்டு தரம் போதுமோ ஐயா?" என்று யோகமலர் ஃபோனுக்குள் முகத்தை நீட்டினார்.

"இல்லைம்மா, உங்களுக்குப் பங்காளித் தீட்டு. அது தெளிச்சாலெல்லாம் போகாது."

ஆக இதுதான் சாத்திரம். எட்டுப் பேருக்குக் குளிர் என்றால் அது மூன்று துளிக்குள் சுருங்கும். ஒரு பெண்ணுக்கு என்றால் அது விறைத்துக்கொண்டு நிற்கும்.

பூசாரி பிஷன் சிங்கைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிஷன் சிங் மொழிபெயர்த்தார்: "யாராக இருந்தாலும் பரவாயில்லை, ஒருவர் வந்து ஊற்றட்டுமாம். அவர் மாடு கறக்கப் போக வேண்டுமாம்."

கேட்க நன்றாக இருந்தது. உடனே அந்தப் பூசாரிக்கு மாலை போட்டுவிட வேண்டியதில்லை. யோகமலர் திரும்பியபோது மேளக்காரர் கண்ணில் பட்டார். வந்ததிலிருந்து அவர் படிக்கு வெளியே, அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பூசாரி அவருக்குத் தேநீரைக் கையில் கொடுக்கவில்லை. மதிலில் வைத்துவிட்டுப் போனார். அதை அவர் எடுத்துக் குடித்தார்.

"இவர் உள்ளே வரமாட்டாரா?" என்று பிஷன் சிங்கிடம் கேட்டார்.

"இல்லை, மேடம். அவர்கள் வெளியிலிருந்துதான் அடிப்பார்கள்."

"இவருக்கு எத்தனை நாள் துடக்கு?"

கேள்வி விளங்க பிஷன் சிங்குக்குச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் பாதையைப் பார்த்தார். "பிறந்ததிலிருந்து, மேடம்."

ஊர் விட்டு ஊர் வந்தாலும் வேலி அங்கேயும் இருந்தது. யோகமலர் சப்பாத்தை மறுபடி மாட்டினார். நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"சந்திரகுமார், உங்கட கோயிலுக்குள்ள நான் வரேல்லை. நீங்கள் வடிவாத் தெளிச்சுப் பூசையை நடத்துங்கோ. ஆனா ஜீப்பும் வேண்டாம். நாளைக்கு முகட்டுக்கு நான் நடந்துதான் வருவன், உங்களுக்கு முன்னால. பாதை சபையின்ர இல்லை."

"அக்கா, எங்கட விதி..."

"உங்கட விதியில விமான ரிக்கெற் விலை எத்தினையாம் நம்பர்?"

சந்திரகுமார் ஊற்றடிக்குப் போய்விட்டார். கல்யாணி மட்டும் ஒரு நிமிடம் நின்று, "நான் வேணுமெண்டு சொல்லேல்லை மலரக்கா" என்றார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். "போ, குளிரமுன்னம் தெளி" என்றார் யோகமலர்.

மேளக்காரர் நின்ற மதிலில் அவரும் போய் இருந்தார். அந்த மனிதர் கொஞ்சம் தள்ளி இருக்கப் பார்த்தார். யோகமலர் பயத்தம் பணியாரப் பெட்டியைத் திறந்து நீட்டினார். மேளக்காரர் ஒன்றை எடுத்தார், கடித்தார், தலையாட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி அவ்வளவுதான்.

கோபம் அடங்க அடங்க வேறொன்று மேலே வந்தது. காய்ந்த கண்ணாடியை வழித்த வைப்பர். உப்பைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்ட மனிதர். ஒரு சாவு அந்த வீட்டுக்குள் கிடந்தது. அதைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரேயொரு ஆளின் காது பூட்டப்பட்டிருந்தது. சாவைச் சொன்னால் அழுக்கு என்று எவனோ சொன்னான். அதை நம்பாமலே பயன்படுத்திக்கொண்டது யோகமலர்தான்.

ஃபோனைப் பையிலிருந்து எடுத்து உயிர்ப்பித்தார். அது நீண்ட நேரம் துடித்தது. அத்தனை பேரின் அனுதாபமும் வந்து விழுந்தது. ஒன்றையும் திறக்காமல் வீட்டுக்கு எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் ஜீவரத்தினம்.

"மலர்? என்னப்பா, ஏன் ஃபோனை ஓன் பண்ணினீர்? ஆரும் எடுத்தால் என்ன செய்வீர்?"

"சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"நடந்ததை."

"இன்னும் முகட்டுக் கோயில் கிடக்கெல்லே. வாருமன், வந்தாப் பிறகு ஆறுதலாக் கதைப்பம். நான் இருப்பன்."

"கோயில் கிடந்திட்டுப் போகட்டும். எனக்குத் தில்லை அண்ணையைப் பற்றிச் சொல்லுங்கோ. ஆளைத் தெரியாது எனக்கு. எப்பிடிப்பட்ட ஆள்?"

"எப்பிடிப்பட்ட ஆளோ?" என்றார் ஜீவரத்தினம். "பெரிய விசரன். எனக்கு முதல் முதல் பீடி குடிக்கத் தந்தவன் அவன்தான். தேர்முட்டிக்குப் பின்னால. ஒரே இழுவை, நான் மயங்கி விழுந்திட்டன். செத்துப்போனனெண்டு நினைச்சு, பயத்தில என்னைத் தேருக்குக் கீழ ஒளிச்சு வைச்சுப்போட்டு ஓடிட்டானப்பா. ஊரெல்லாம் என்னைத் தேடுது. இவனும் சேர்ந்து தேடுறான்!"

யோகமலர் சிரித்தார். ஜீவரத்தினமும் சிரித்தார். சிரிப்பு அங்கே பாதியில் உடைந்து, ஒரு வாரமாக அடக்கி வைத்தது வெளியே வந்தது. முதிர்ந்த ஆண் அழும் சத்தம் அழகானதல்ல. மூக்கும் இருமலும் கலந்தது. யோகமலர் ஃபோனைக் காதோடு இன்னும் இறுக்கினார்.

கோயிலுக்குள் தெளித்து முடித்திருக்க வேண்டும். மணி அடித்தது. பக்கத்திலிருந்த மனிதர் கையைத் துடைத்துவிட்டு எழும்பி, வாசலுக்கு வெளியே தன் இடத்தில் நின்று மேளத்தை அடிக்கத் தொடங்கினார்.

"அதென்ன சத்தம்?" என்றார் ஜீவரத்தினம். "மேளமே?"

"ஓம். நீங்கள் சொல்லுங்கோ. பிறகு என்ன நடந்தது?"